வாங்கியவர்கள் வெளியே நின்ற ஞாயிற்றுக்கிழமை

சப்போர்ட் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் வணக்கம். ஒரு மணி நேரம் வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று உங்கள் முதலாளி கார்த்திக் கேட்டார். நான் பேச ஆரம்பித்தால் எங்கெங்கோ போய்விடுவேன். ஸ்லைடு போடவும் வராது. அதனால் எழுதித் தருகிறேன். டீ குடிக்கிற நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பிலோமினா. சாந்தோம்காரி. எங்கள் வீட்டில் அம்மா, அத்தை, இரண்டு அக்காக்கள் எல்லோருமே டீச்சர்கள். நான் மட்டும் தப்பித்து ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தேன். லைன் டெட் என்று கத்துகிறவர்களிடம் பதிலுக்குக் கத்தாமல் பேசுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அதை வைத்துக்கொண்டு, ஐம்பது வயதுக்கு மேல், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் நடந்துகொண்டிருந்த இந்த விளையாட்டுக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். அதுவரை கம்ப்யூட்டரில் நான் ஆடியிருந்த ஒரே ஆட்டம் சீட்டு.

வேலை எப்படிச் செய்வது என்று உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரு பூட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் முதல் விளையாட்டு வெளியான வாரமே அதன் திருட்டு நகல் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்த நாட்களில் ஒரு கடைக்கு ஏதோ வாங்கப் போன கார்த்திக்கிடம், கடைக்காரர் தானாகவே முன்வந்து, "புது கேம் சார், சூப்பரா கீது, பென் டிரைவ்ல போட்டுத் தரட்டா?" என்று கேட்டிருக்கிறார். அது கார்த்திக் மூன்று வருஷம் உட்கார்ந்து செய்த விளையாட்டு. மனிதர் அதை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் மேஜையில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் காப்பி பண்ணியிருக்கான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வருஷம் முடிவதற்குள் பதினெட்டுப் பேர் இருந்த ஆபீசில் ஏழு பேர்தான் மிஞ்சினோம். பூட்டு வந்த காரணம் அது. அதனால் பின்னால் நான் கார்த்திக்கோடு சண்டை போட்டதைப் படிக்கும்போது அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது விளையாட்டுக்கு 'ஒற்றைத் துடுப்பு' என்று பெயர். கடலில் ஒரு சின்னப் படகு, அதில் ஒரே ஒரு ஆள். தீவு தீவாகத் தாண்டி வீடு போய்ச் சேர வேண்டும். எதிராளி கிடையாது, கூட ஆடுகிறவர் கிடையாது. இப்படித் தனியாக உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டுக்குள், சில நிமிஷத்துக்கு ஒரு முறை எங்கள் சர்வரைக் கூப்பிட்டு 'இது வாங்கிய பிரதிதானா?' என்று கேட்கிற பூட்டு ஒன்றை வைத்தோம். சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். கடைசியாகக் கரையேறிய தீவுக்குப் பிறகு துடுப்புப் போட்டதெல்லாம் வீண்.

அந்தப் பூட்டை எழுதியவர் எங்கள் தலைமை நிரலாளர். தன் பெயரை எங்கும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மயிலாப்பூர்க்காரர், அதற்கு முன் இருபது வருஷம் வங்கிகளுக்கு நிரல் எழுதியவர். ஆபீசில் எல்லோருக்கும் அவர் மாமி.

பூட்டைப் பற்றி முடிவு செய்த கூட்டத்தில் கார்த்திக் என் பக்கம் திரும்பி, "பிலோக்கா, இதனால சப்போர்ட்ல பிரச்சினை ஏதாவது வருமா?" என்று கேட்டார். நான், "சமாளிச்சிக்கலாம் கார்த்தி" என்றேன். யோசிக்கவே இல்லை. ஏழு பேர் வேலையும் இந்த விளையாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் குறுக்கே பேசுகிறவளாக இருக்க எனக்கு மனசில்லை. உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால், ஒரு நாள் டைம் கேளுங்கள். பூட்டு வந்தால் யாரிடமிருந்து முதல் போன் வரும் என்று உட்கார்ந்து யோசியுங்கள். அதை நான் செய்யவில்லை.

விளையாட்டு வெளியானது. ஜனங்களுக்குப் பிடித்தது. பிடித்ததுதான் பிரச்சினை. பிடிக்காத விளையாட்டு பாதியில் நின்றால் யாரும் கடிதம் எழுத மாட்டார்கள். ரயிலில் போகிறவர், மலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர், ஹாஸ்டல் வைஃபையை நம்பியிருக்கிற நர்ஸ் என்று எல்லோரும் எழுதினார்கள். எங்களிடம் தயார் பதில்கள் ஒரு பட்டியலாக இருந்தன. இந்தப் புகாருக்கு நாலாம் நம்பர் பதில்: 'உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்த்து மீண்டும் முயலவும்.' எழுதியது நான்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை அதை அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. கீபோர்டில் ஒரே ஒரு பட்டன்தானே.

ஒரு நாள் மதியம் கீழே இருந்து வாட்ச்மேன் கூப்பிட்டார். யாரோ என்னைப் பார்க்க வந்திருப்பதாகவும், கையில் வயர் கூடை இருப்பதாகவும் சொன்னார். வந்தவருக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். கூடைக்குள் பாலிதீன் பையில் சுற்றிய ஒரு லேப்டாப். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. கூடையில் கருவாட்டு வாசம் இருந்தது. பெயர் தேசிங்கு, பாலவாக்கத்தில் அப்பாவோடு ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்.

"இன்னா யக்கா, நாலு தபா மெயில் போட்டேன். நாலு தபாவும் நெட்டப் பாரு, நெட்டப் பாருன்னு ஒரே பதிலு. பதில் போடறது மெஷினா மன்சாளான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"மனுஷிதான். உட்காருங்க தம்பி. எங்க ஆபீஸ் நெட்டைப் போட்டுத் தரேன், என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

"உங்க நெட்டு வோணாம். என் போன் நெட்லயே காட்றேன். வூட்ல போன ஜன்னக் கம்பில கட்டி வெச்சாத்தான் ரெண்டு கோடு வருது. காத்து அடிச்சா அதுவும் பூடும்."

ஆடத் தொடங்கினார். அதுவரை எங்கள் விளையாட்டை அப்படி ஒருவர் ஆடி நான் பார்த்ததில்லை. அலை வந்தால் நாற்காலியில் அவர் உடம்பே சாய்ந்தது. மூன்றாம் தீவைத் தாண்டியதும் ஒரு புயல் வரும், விளையாட்டிலேயே கஷ்டமான இடம். என் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து பின்னால் நின்றுவிட்டார்கள். முக்கால் மணி நேரம். புயலின் நடுவில், கரை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், திரை நின்றது. நாலாம் நம்பர் பதிலில் இருந்த அதே வாக்கியம் நடுவில் வந்து உட்கார்ந்தது.

தேசிங்கு கோபப்படவில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"கடல்ல போற கேமு யக்கா. கடல்ல எங்க நெட்டு கீது? நான் நெஜக் கடலுக்கே போறேன். அங்கயே அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா வந்து, இது உன் படகுதானான்னு யாரும் கேக்கறதில்ல."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும்தான். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது சிரிக்கிற மாதிரி இல்லை.

"எம் மச்சான் ஒருத்தன் கீறான். திருட்டுக் காப்பி வெச்சிக்கினு கீறான். அதுல பூட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, எவனோ கழட்டிட்டான். அவன் முழுசா முடிச்சிட்டு என்னைப் பாத்து சிரிக்கிறான். திருடுனவன் உள்ள ஆடிக்கினு கீறான், வாங்குனவன் வெளில நின்னுக்கினு கீறேன். இது இன்னா நாயம், நீயே சொல்லு."

நான் அனுப்பிய பதில் பொய் இல்லை. அவருடைய இணைப்பு சரியில்லைதான். ஆனால் அவர் கேட்டது வேறு கேள்வி. 'தனியாக ஆடுகிற ஆட்டத்துக்கு இணைப்பு எதற்கு?' என்று கேட்டார். நாலு முறை கேட்ட பிறகும், அவர் கேட்காத கேள்விக்கே நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "தப்பு எங்களுதுதான் தம்பி. எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரம் என் வீட்டு நெட்டில் நானே ஆடிப் பார்த்தேன். அதற்கு முன் ஆடியதில்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். நான்காவது முறை நெட் அறுந்து புயலில் தூக்கி எறியப்பட்டபோது லேப்டாப் மூடியை அடித்து மூடிய சத்தத்தில், என் வீட்டுக்காரர் பாத்திரம் கவிழ்ந்ததோ என்று சமையலறைக்குள் ஓடினார்.

திங்கட்கிழமை கார்த்திக்கிடம் போய்ப் பூட்டை எடுத்துவிடலாம் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நீங்க திருடங்களுக்கு வக்காலத்து வாங்கறீங்கக்கா. போன தடவை என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல? பதினோரு பேரை நான் வீட்டுக்கு அனுப்பினேன். பேர் பேரா ஞாபகம் இருக்கு."

"வாங்கினவங்களுக்கு வக்காலத்து வாங்கறேன் கார்த்தி. திருடனுக்கு நம்ம பூட்டால ஒரு கஷ்டமும் இல்ல."

"பூட்டு இருக்கும்னு, நம்ம கேமை வெளிநாட்டுல விக்கிற கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருக்கோம். நானா எடுத்தா நாளைக்கு அவங்க கழண்டுக்குவாங்க."

பேச்சு அதற்கு மேல் நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான் பாங்க்குக்கு எழுதிண்டிருந்த நாள்லேர்ந்து ஒரு வழக்கம். தொறக்க வழி இல்லாத பூட்ட நான் எழுதமாட்டேன். பூட்டு இல்லாத பதிப்பு ஒண்ணையும் ரெடியா வெச்சிண்டிருக்கேன். ஏதாவது அவசரம்னா, நம்ம சர்வர் இல்லாமலே, கேமை விக்கற சைட் வழியா அதை அப்டேட்டா அனுப்பிடலாம். அனுப்பச் சொல்ற அதிகாரம் உன்னோடது. சரியா?" என்றார். வாக்குவாதம் முடிந்தால் போதும் என்று கார்த்திக் சரி என்றார். எனக்கு அது தோல்வி மாதிரிதான் பட்டது. வெளியே வந்ததும், இதனால் என்ன பயன் என்று மாமியிடம் கேட்டேன். "கதவு இருக்குன்னு ஒத்துண்டாச்சுல்ல? இன்னிக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கார்த்திக்குக் கல்யாணம். வடபழனியில் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். ஏழு பேர் ஆபீஸ் மொத்தமும் காலை ஏழு மணிக்கே அங்கே ஆஜர். அதே வார இறுதியில் 'ஒற்றைத் துடுப்பு' தள்ளுபடி விலையில் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நாளில் வந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கல்யாணத் தேதியை ஜோசியர் குறித்தார், தள்ளுபடித் தேதியை வெளிநாட்டுக் கம்பெனி குறித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

எட்டரை மணி இருக்கும், பொங்கலும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் கைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. முதலில் ஒன்று, பிறகு நிற்கவே இல்லை. சர்வர் படுத்துவிட்டது. அதை வைத்திருந்த கம்பெனியிலேயே ஏதோ கோளாறு. எப்போது சரியாகும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. விளையாட்டை வாங்கிய அத்தனை பேரும், நல்ல நெட் வைத்திருந்தவர்களும் சேர்த்து, ஒரே நேரத்தில் வெளியே தள்ளப்பட்டார்கள். அன்று காலைதான் வாங்கியவர்களால் முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை. 'காசைத் திருப்பிக் கொடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'திருட்டு நகல் எங்கே கிடைக்கும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்' என்று இன்னொருவர். மாமியிடம் போனைக் காட்டினேன். கையைக் கழுவிவிட்டு வந்து, தன் பெரிய பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். கல்யாணத்துக்கு லேப்டாப் எதற்கு என்று காலையில் அவரைக் கேலி செய்தவள் நான்.

"மாமி, நீங்களே அனுப்பிடுங்களேன். கார்த்தி மணையில உட்கார்ந்துட்டாரு. சாயந்தரம் சொல்லிக்கலாம்."

"பண்ணலாம். ரெண்டு நிமிஷ வேலை." அவர் என்னை நேராகப் பார்த்தார். "ஆனா அவன் பயந்துண்டு இருக்கற விஷயம் இது. அவனுக்குத் தெரியாம இதைப் பண்ணினா, நாம பண்ணினது சரியாவே இருந்தாலும், நாளைலேர்ந்து நம்மகிட்ட எதையும் விட்டுட்டுப் போகமாட்டான். நீ போய்க் கேட்டுண்டு வா."

"எப்படிக் கேட்கறது? ஐயர் மந்திரம் சொல்லிக்கிட்டிருக்காரு!"

"அது உன் டிபார்ட்மென்ட்" என்றார் மாமி.

மண்டபத்தின் நடுவில் நின்று யோசித்தேன். எனக்குக் கிடைக்கப்போவது அரை நிமிஷம். சர்வர் கம்பெனி என்ன சொன்னது, புகார் எத்தனை வந்தது என்றெல்லாம் சொல்ல நேரமில்லை. புகைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவரிடம் போய்ப் பிரச்சினையைக் கொட்டினால் அவருக்குப் பதற்றம்தான் வரும். ஆமா, இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வியாக அதை ஆக்கிக்கொண்டு போக வேண்டும். அவர் அடுத்து என்ன கேட்பார் என்பதற்கும் பதில் கையில் இருக்க வேண்டும். அவர் கேட்கப்போவது வெளிநாட்டுக் கம்பெனியைப் பற்றித்தான். அதனால் அங்கேயே நின்று போனில் அவர்களுக்கு நாலு வரி அடித்தேன்: சர்வர் விழுந்துவிட்டது, வாங்கியவர்கள் ஆட முடியவில்லை, பூட்டை எடுக்க எங்கள் தலைவரிடம் அனுமதி கேட்கப் போகிறேன், நாளைக் காலை உங்களோடு பேசுவேன். அனுப்பிவிட்டு மேடையேறினேன்.

அட்சதை போடப் போகிற உறவுக்காரி மாதிரி பின்பக்கமாகப் போய் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தேன்.

"கார்த்தி, சர்வர் படுத்துடுச்சு. வாங்கினவங்க எல்லாரும் வெளிய நிக்கிறாங்க. அந்த அப்டேட்டை அனுப்பலாமா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் கண்களில் புகை. "எவ்ளோ நேரமா?"

"அரை மணி."

"அந்தக் கம்பெனிக்கு..."

"மெயில் போட்டுட்டேன். நாளைக்கு அவங்ககிட்ட நானே பேசறேன்."

"மாப்பிள்ளே, நெய்ய விடுங்கோ" என்றார் ஐயர். கார்த்திக் நெய்யை விட்டார். முகத்தில் அந்தப் பென் டிரைவ் நாளின் சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன். பயம்தான் அது. அப்போது பக்கத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் நித்யா, தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"அனுப்பச் சொல்லுங்க. நேத்து பார்லர்ல மேக்கப் ட்ரையலுக்கு உட்கார்ந்திருந்தப்போ என்னையும் புயல்ல தூக்கி வெளிய போட்டுச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

கார்த்திக் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆமா. அனுப்புங்கக்கா" என்றார்.

நான் இறங்கி ஓடினேன். பட்டுப்புடவையில் நான் ஓடியது வீடியோவில் இருக்கிறது, நித்யா இன்னும் அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பாள். கீழே மாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்று லேப்டாப்பை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பிலோ, இந்த மண்டபத்துல நெட்டே இல்லடி!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமிக்கும்தான். நாற்காலி ஆடியது. ஊரெல்லாம் நெட்டைப் பார்க்கச் சொன்ன இருவரும் வடபழனியில் நெட்டுக்காக நாற்காலி மேல் ஏறி நின்றோம். இருந்த கூட்டத்துக்கு எங்கள் ரெண்டு பேர் போனிலும் மெயில் போகிற அளவுதான் நெட் வந்தது, அப்டேட் நகரவில்லை. வாசல் பக்கம் ஓடிப் பார்த்தேன், ஜெனரேட்டர் பக்கம் போய்ப் பார்த்தேன். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த தவில்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "என்னம்மா தேடறீங்க, சிக்னலா? என் கம்பெனி இங்க நல்லா எடுக்கும். ஹாட்ஸ்பாட் போட்டுத் தரேன், ஆனா நான் எந்திரிச்சு வர முடியாது. பக்கத்துல வந்து உட்காருங்க" என்றார்.

ஆகவே மாமி ஜமக்காளத்தில், தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் நடுவில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில். அப்டேட் மேலே ஏற ஆரம்பித்தது. நாற்பது சதவீதம் என்று திரை காட்டியபோது ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம். அவ்வளவு அருகில் தவிலைக் கேட்டால் நெஞ்சுக்குள் அடிப்பது போல இருக்கும். எல்லோரும் எழுந்து அட்சதை போடுகிறார்கள், நாங்கள் இருவரும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைப் பார்க்கிறோம். தாலி கட்டியதை நாங்கள் பார்க்கவே இல்லை. மாமியின் தலையெல்லாம் மஞ்சள் அரிசி. மேளம் அடங்கி ஐந்து நிமிஷம் கழித்துத்தான் நூறு வந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் தவில்காரர்.

"முடிஞ்சுதுப்பா. நன்னா இருப்பே" என்றார் மாமி.

அதன் பிறகுதான் என் சொந்த வேலை. ஆடியவர்களுக்குப் பதில் எழுத வேண்டும். பட்டியலில் இருந்த எதையும் தொடவில்லை. பந்தி மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன்: 'இது உங்கள் இணைப்பின் தவறு அல்ல, எங்கள் தவறு. அப்டேட் செய்துகொள்ளுங்கள், இனி விளையாட்டு எதையும் கேட்காது. இன்று காலை உங்களுக்கு வீணான நேரத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.' கீழே என் பெயரைப் போட்டேன். சப்போர்ட் டீம் என்று போடவில்லை. சாம்பார் வாளியோடு வந்தவர் மூன்று முறை கேட்டுவிட்டு, நான்காவது முறை கேட்காமலே ஊற்றிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை வெளிநாட்டுக் கம்பெனியோடு பேசினேன். உங்களில் யாராவது இப்படி ஒரு பேச்சுக்குப் போக நேர்ந்தால், ஒன்று மட்டும் சொல்வேன்: நியாயம் பேசாதீர்கள், வந்த கடிதங்களை வாசியுங்கள். அவர்கள் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். நான் ஒப்பந்தத்தை மறுக்கவில்லை. "ஞாயிறு காலை வந்த கடிதங்களில் பத்தை வாசிக்கிறேன், கேளுங்கள்" என்றேன். ஆறாவதிலேயே அந்தப் பக்கம் ஒருவர், போதும் என்றார். ஒரு மாதம் பூட்டில்லாமல் விட்டுப் பார்ப்போம், விற்பனை விழுந்தால் திரும்பப் போடுவோம் என்று முடிவானது. அந்த ஒரு மாதமும் கார்த்திக் தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து நின்றார். எதுவும் கேட்க மாட்டார், நிற்பார். விற்பனை விழவில்லை. கொஞ்சம் ஏறியது என்று கூடச் சொல்லலாம், ஆனால் அது பூட்டை எடுத்ததாலா தள்ளுபடியாலா என்று எனக்குத் தெரியாது; தெரிந்த மாதிரி உங்களிடம் சொல்ல மாட்டேன். திருடுகிறவர்கள் அப்புறமும் திருடினார்கள். தேசிங்கின் மச்சான் இன்றுவரை வாங்கவில்லை என்று கேள்வி. மாதம் முடிந்ததும் கார்த்திக் மாமியிடம் போய், பூட்டை இனித் திரும்பப் போட வேண்டாம் என்றார்.

தேசிங்கு அதற்குப் பிறகு ஒரு மெயில் போட்டார். ஆட்டத்தை முடித்துவிட்டேன் என்று எழுதுவார் என எதிர்பார்த்துத் திறந்தேன். 'யக்கா, உங்க படகு நேராப் போவுது. ஒத்தத் துடுப்ப ஒரே பக்கம் போட்டா படகு திரும்பும். சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். இத இன்னா கேமுன்னு சொல்றீங்க?' என்று இருந்தது. மாமியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏன்டி, இது நமக்குத் தோணவே இல்லையே" என்றார். அதைச் சரி செய்ய மூன்று வாரம் ஆயிற்று. தேசிங்கை வரவழைத்து, தரையில் உட்காரவைத்து, துடைப்பக் கட்டையை அவர் கையில் கொடுத்துத் துடுப்புப் போடச் சொல்லிப் பார்த்துப் பார்த்து எழுதினார் மாமி. அந்த மூன்று வாரமும் ஆபீசில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

பூட்டுப் புகார்கள் நின்ற பிறகு எங்கள் மெயில் பெட்டி காலியாகவில்லை. வேறு கடிதங்கள் வந்தன. கடற்காகம் அந்த நிறத்தில் இருக்காது என்று ஒருவர். வாடைக்காற்று அடிக்கும்போது அலை அப்படி உடையாது என்று ஒருவர். இரண்டாம் தீவில் இருக்கிற நாய்க்கு ஏன் பெயர் வைக்கவில்லை என்று ஒரு குழந்தை. ஆபீசுக்கு வந்து பெட்டியைத் திறப்பதற்கு எனக்கு அவசரமாக இருந்தது அதற்குப் பிறகுதான்.

நான் ஓய்வு பெற்ற நாள் அந்தப் பெட்டியில் ஒரே ஒரு கடிதம் பதில் எழுதப்படாமல் இருந்தது. எழுதியவர் யாரென்று சொல்ல மாட்டேன், பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசித் தீவு வரை வந்துவிட்டாராம். எதிரே வீட்டுக் கரை தெரிகிறதாம். ஆனால் கரையேறினால் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால், தினமும் வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் அந்தக் கரையைச் சுற்றித் துடுப்புப் போட்டுவிட்டு மூடி வைத்துவிடுகிறாராம். 'இப்படி ஆடலாமா, தப்பில்லையே?' என்று கேட்டிருந்தார்.

மூன்று முறை பதில் எழுதி அழித்தேன். உங்கள் ஆறு பேரில் ஒருவர் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.